ஆயில் மீட்டரைப் பார்க்க அழகி ஏறினாள்

தனக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று சாமியிடம் கேட்டுவரப் போகிறவர்களைத் தானே லாரியில் ஏற்றிக்கொண்டு போகிற கூத்து இந்தப் பூமியில் யாருக்காவது நடந்திருக்கிறதா? ரத்தினவேலுக்கு நடந்தது. அதுவும் ஒரு பைசா வாடகை இல்லாமல்.

சோலையப்பன் அவனுக்குத் தாய்மாமன். அவர் மகள் அழகி அவனுக்கு முறைப்பெண். முறைப்பெண் என்றால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரிதான் என்று அவன் பாட்டுக்கு அரிமளம் மண்டி லாரியை ஓட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தான். போன மாதம் அறந்தாங்கியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்து அந்த நிம்மதியில் மண்ணைப் போட்டது. மாப்பிள்ளை தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, பெயர் ஆண்டியப்பன். சட்டையில் கறை படாத உத்தியோகம். மாமா மயங்கிவிட்டார். ஆனால் அக்காள் மகனை வேண்டாம் என்று சொன்னால் அக்காள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவாள் என்ற பயமும் இருந்தது.

இந்த இரண்டுக்கும் நடுவில் சோலையப்பனாவது, முடிவெடுப்பதாவது! அவர் எந்தக் காலத்தில் தானாக ஒரு முடிவெடுத்தார்? பல்லி சொன்ன பிறகுதான் பல் விளக்குவார். பூனை குறுக்கே போனால் அன்றைக்கு வயலுக்குத் தண்ணீர் பாயாது. அப்படிப்பட்டவர் விராலிமலை முருகனிடம் பூக் கேட்பது என்று தீர்மானித்ததில் அதிசயம் இல்லை. சிவப்புப் பூவை ஓர் இலையிலும் வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் மடித்துச் சந்நிதியில் வைத்து, ஏதாவது ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்லவேண்டியது. சிவப்பு வந்தால் ரத்தினவேல். வெள்ளை வந்தால் அறந்தாங்கி.

“தம்பி, வெள்ளிக்கிழமை ஒன் லாரி விராலிமலைக்குப் புண்ணாக்கு ஏத்திக்கிட்டுப் போகுதாமே? நாங்களும் அங்கிட்டுத்தான் வாரோம்” என்றார் மாமா, கொஞ்சமும் கூச்சம் இல்லாமல். முடியாது என்று சொல்ல ரத்தினவேலுக்கு வாய் வந்தால்தானே! “வாங்க மாமா” என்றுதான் வந்தது.

அந்த லாரி யுத்தத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் ஓட்டித் தேய்த்து ஏலத்தில் தள்ளிவிட்டுப் போனது. சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியும் அதன் மூஞ்சியிலிருந்து பட்டாளத்துப் பச்சை போகவில்லை. முன்சீட்டில் ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் மாமா மதில்சுவர் மாதிரி உட்கார்ந்துகொண்டார். அவருக்கு அந்தப் பக்கம் அத்தை சின்னப்பிள்ளை. அத்தைக்கும் கதவுக்கும் நடுவில் அழகி. அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமானால் ரத்தினவேல் இரண்டு பேரைத் தாண்டி எட்டிப் பார்க்கவேண்டும். எட்டிப் பார்த்தால் மாமா இருமினார்.

பார்க்க முடியாத குறைக்கு அவன் வாயை ஓட்டினான். எதிரே இருந்த மீட்டர்களைக் காட்டி மாமாவிடம் அளந்துகொண்டே வந்தான். “இதுல மத்ததெல்லாம் செத்துப் போச்சு மாமா. இந்த ஆயில் மீட்டருக்கு மட்டும்தான் உசுரு இருக்கு. எஞ்சினுக்குள்ள ஆயில் அழுத்தமா ஓடுதான்னு இந்த முள்ளுதான் சொல்லும். முள்ளு படுத்துச்சுன்னா பத்தடி ஓட்டக்கூடாது. இரும்பும் இரும்பும் ஒரசிக் கட்டிக்கிரும். அம்புட்டுத்தான், வண்டி பேரீச்சம்பழத்துக்குத்தான் போகும்.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். புதுக்கோட்டை தாண்டி, அன்னவாசலும் தாண்டி, இலுப்பூர் பக்கத்துச் செம்மண் மேட்டில் ஏறி இறங்கியபோது அந்த முள் மெல்லக் கீழே சாய்ந்து பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது.

நிறுத்தினால் மாமா என்ன சொல்வார் என்று ரத்தினவேலுக்குத் தெரியும். நிறுத்தாவிட்டால் முதலாளியின் எஞ்சின் போய்விடும். அழகியா, லாரியா என்று அவன் ஒரு நிமிஷம் தவித்த தவிப்பு அந்த முருகனுக்கே வெளிச்சம். கடைசியில் கை பழக்கதோஷத்தில் லாரியை ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கிச் சுவிட்சை அணைத்துவிட்டது.

“ஏன் நிறுத்துன?” என்றார் மாமா.

“எஞ்சின் சூடாயிருச்சு மாமா. கொஞ்சம் ஆறட்டும்.”

“எஞ்சினுக்கு ஒண்ணையும் காணோம். ஒனக்குல்ல வேர்த்து ஊத்துது” என்றாள் அத்தை.

கதவோரத்திலிருந்து அழகி எட்டிப் பார்த்தாள். “முள்ளு படுத்திருச்சு அப்பா. அந்த மேட்டுல எறங்கையிலயே படுத்திருச்சு. நான் பாத்தேன்.”

அடிப் பாவிப் புள்ளை! இத்தனை நாளாக இவளுக்காக முழம் முழமாகப் பூ வாங்கி மாமா வீட்டு மாடத்தில் வைத்துவிட்டு வந்ததற்கு இதுதான் பலனா என்று ரத்தினவேலுக்கு அழுகையே வந்தது.

சோலையப்பன் கீழே இறங்கி மேல்துண்டை உதறினார். கிழக்கே பார்த்தார், மேற்கே பார்த்தார். “பூக் கேக்கப் போற வண்டி நடுவழியில நிக்குதுன்னா என்ன அர்த்தம்? சாமி வழி மறிக்குதுன்னு அர்த்தம். போகவே வேணாம்ங்குது. இதுக்கு மேல பூ எதுக்கு? இலுப்பூர்ல இருந்து புதுக்கோட்டை பஸ்ஸு வரும். ஏறி வீட்டுக்குப் போவோம். அறந்தாங்கிக்குச் சம்மதம்னு தாக்கல் சொல்லிருவோம்.”

“மாமா, வண்டி நிக்கல. நானா நிறுத்துனேன். எஞ்சின் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.”

“எல்லாம் ஒண்ணுதான்.”

“ஒண்ணு இல்ல மாமா! நெசமாவே ஆயில் ஓடலையா, இல்ல மீட்டர்தான் சும்மா படுத்திருச்சான்னு பாத்துச் சொல்றேன். மீட்டர்ல கோளாறுன்னா வண்டிக்குக் கேடு இல்லைல? அப்ப அது தடையும் இல்லைல?”

சோலையப்பன் யோசித்தார். சகுன சாஸ்திரத்தில் ஆயில் மீட்டரைப் பற்றி எதுவும் சொல்லியிருப்பதாக அவருக்கு நினைவில்லை. “கோளாறுன்னா தடையில சேராதுதான். ஆனா மீட்டரே செத்துப் போச்சுன்னா அபசகுனம்” என்று இழுத்தார். “சரி, பஸ்ஸு வாரதுக்குள்ள பாத்துச் சொல்லு.”

பஸ் எந்த நிமிஷமும் வரலாம். ரத்தினவேல் பறந்தான். பானெட்டைத் தூக்கினான். ஆயில் பார்க்கும் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தான். கோடு வரைக்கும் ஆயில் இருந்தது. அப்படியானால் ஆயில் பம்பு நின்றிருக்கலாம். இல்லையென்றால் மீட்டரோ, அதிலிருந்து வருகிற வயரோ, வயர் வந்து சேருகிற யூனிட்டோ கெட்டிருக்கலாம். யூனிட் என்பது எஞ்சின் உடம்பில் திருகியிருக்கிற சின்ன டப்பி. ஆயில் அதை உள்ளிருந்து அழுத்தினால் அது மீட்டர் கரண்டை எஞ்சின் இரும்புக்குக் கடத்தும். கரண்டு ஓடினால் முள் எழுந்திருக்கும்.

முதலில் மீட்டரைச் சோதிக்கவேண்டும். சுவிட்சைப் போட்டுவிட்டு, யூனிட்டிலிருந்து வயரைக் கழற்றி நேராக எஞ்சின் இரும்பில் வைத்தால் போதும். முள் எழுந்தால் மீட்டரும் வயரும் நல்லவை. ஆனால் இவன் எஞ்சினில் கையை வைத்திருக்கும்போது உள்ளே உட்கார்ந்து முள்ளைப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே?

“மாமா, நீங்க ஏறிப் பாக்குறீங்களா?”

“எனக்குக் கண்ணாடி இல்லாம எதுவும் தெரியாது. போற வழியில கண்ணாடி கிண்ணாடி ஒடஞ்சா அபசகுனம்னு வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன்.”

“அத்தை?”

“ஆத்தாடி, அந்த ஓட்டுற சக்கரத்துக்குப் பின்னால நான் ஒக்கார மாட்டேன். அது பாட்டுக்குக் கெளம்பிருச்சுன்னா?”

மிச்சம் அழகிதான். மாமா மேலும் கீழும் பார்த்தார். வேறு வழியில்லை. “ஏறு ஆத்தா. முள்ள மட்டும் பாரு” என்று சொல்லிவிட்டு அத்தையோடு மரத்தடிக் கல்லில் போய் உட்கார்ந்தார். அழகி பாவாடையை இடுக்கிக்கொண்டு ரத்தினவேலின் சீட்டில் ஏறி, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து லாரி ஓட்டுகிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“வயர வைக்கிறேன். முள்ளு சூடேறித்தான் எந்திரிக்கும், மெதுவாத்தான் வரும். எந்திரிச்ச ஒடனே சொல்லணும். ரொம்ப நேரம் வச்சா மீட்டர் எரிஞ்சு போகும்” என்று எச்சரித்துவிட்டு ரத்தினவேல் வயர் நுனியை இரும்பில் தொட்டான்.

“ஏறுதா?”

“இல்ல மச்சான்.”

“இப்ப?”

“நல்லாத் தூங்குது.”

பயந்து வயரை எடுத்துவிட்டான். பெருமூச்சு விட்டு, இரும்பைச் சுரண்டிப் பளபளப்பாக்கி மறுபடியும் வைத்தான். “இப்பப் பாரு. அசையுதா?”

“அசைஞ்ச மாதிரி இருந்துச்சு…” என்றாள். அவனுக்கு உயிர் திரும்பியது. “இல்ல மச்சான். அது ஈ.”

“என்னடா சொல்லுது?” என்று மாமா மரத்தடியிலிருந்து குரல் கொடுத்தார்.

“ஒண்ணும் சொல்லல அப்பா!” என்று அழகியே பதில் சொன்னாள்.

ரத்தினவேலுக்கு எல்லாம் முடிந்துபோன மாதிரி இருந்தது. மீட்டரும் போய், பெண்ணும் போய், பஸ் வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போகும். இவன் புண்ணாக்கு மூட்டைகளோடு இந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கவேண்டியதுதான். கடைசியாக ஒரு தடவை வயரை வைத்து எடுத்தான். அவள் வாயே திறக்கவில்லை. வயரைப் போட்டுவிட்டு நேரே கதவுப்பக்கம் வந்து எட்டிப் பார்த்தான். முள் மேல்கோட்டில் கும்மென்று நின்றிருந்தது. அவன் பார்க்கப் பார்க்க, சூடு தணிந்து மெதுவாக இறங்க ஆரம்பித்தது.

“அடிப்பாவி! ஏறியிருக்கே!” என்றான், குரலை அடக்கிக்கொண்டு.

“ஆமா. மொதத் தடவையே ஏறுச்சு.”

“பெறகு ஏன் இல்லைன்ன? ஒங்கப்பா பஸ் ஏறிருவாரு அழகி. அறந்தாங்கிக்குத் தாக்கல் போயிரும். ஒனக்கு வெளையாட்டா இருக்கா?”

“எனக்கு என்ன வெளையாட்டு?” அழகி சக்கரத்தை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். முகத்தில் சிரிப்பு இல்லை. “எங்கப்பாவக் கேட்டீங்க. ஒங்கம்மாவ விட்டுச் சண்ட போட்டுக் கேட்டீங்க. அறந்தாங்கிக்காரரு எங்க சித்தப்பாவக் கேட்டாரு. இப்ப எல்லாருமாச் சேந்து முருகனக் கேக்கப் போறோம். கட்டிக்கப் போறவள ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“முறைப்பொண்ணுதானே, இதுல கேக்க என்ன இருக்குன்னு…”

“ஒங்க லாரிதானே. காலையில எடுக்கையில ஆயில் இருக்கா தண்ணி இருக்கான்னு பாக்காமலா எடுக்குறீங்க?”

ரத்தினவேல் கணக்குப் போட்டுப் பார்த்தான். எத்தனை பொங்கல், எத்தனை திருவிழா, மாமா வீட்டு வாசலில் எத்தனை தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போயிருக்கிறான்! மாடத்தில் பூ வைத்தானே தவிர, பிடித்திருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டதில்லை. அதை நினைத்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. தூரத்தில் எங்கேயோ பஸ் ஹாரன் கேட்டது. மரத்தடியில் மாமா எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்.

“அழகி” என்றான். “ஒன்னைய எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒனக்கு… என்னையக் கட்டிக்கச் சம்மதமா?”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஆயில் அப்பிய கையையும், வேர்த்த மூஞ்சியையும், கிழிந்த காக்கிச் சட்டையையும் ஒன்றுவிடாமல் பார்த்தாள்.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றாள். பிறகு தலையை வெளியே நீட்டி, “அப்பா! முள்ளு ஏறிருச்சு! மீட்டரும் வயரும் நல்லா இருக்காம்!” என்று கத்தினாள்.

இனி யூனிட் ஒன்றுதான் பாக்கி. ரத்தினவேல் ஸ்பானரைப் போட்டுத் திருகிக் கழற்றினான். கழற்றிய யூனிட்டைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். நாலைந்து நாளாக அதைத் திருகுகிற மறையில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. மாமா வரும்போது லாரி ஒழுகினால் என்ன நினைப்பார் என்று நேற்றுச் சாயங்காலம் அதைக் கழற்றி, மறையில் நூல் சுற்றி, வெள்ளிப் பெயிண்டைக் கெட்டியாகப் பூசி முடுக்கியிருந்தான். எல்லா டிரைவரும் சணலைச் சுற்றுவார்கள். இவன் கோயிலில் வேண்டிக்கொண்டு வாங்கிய மஞ்சள் கயிற்றைச் சுற்றியிருந்தான். ஒழுக்கும் நிற்கும், காரியமும் கைகூடும் என்று ஒரு கணக்கு. அந்த யூனிட் கரண்டை எஞ்சின் இரும்புக்குக் கடத்துகிற எர்த்தே மறை வழியாகத்தான். அதைக் கயிறும் பெயிண்டும் போட்டு மூடினால் கரண்டு எங்கே போகும்? ஏதோ ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காலையில் வேலை செய்தது. மேட்டில் குலுங்கியதும் அதுவும் விட்டுப்போனது.

அத்தை வந்து எட்டிப் பார்த்தாள். “என்னடா அது மஞ்சளா?”

மறைக்க முடியாமல் சொன்னான். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஏங்க, இங்க வந்து பாருங்க! ஒங்க அக்கா மகன் எம்மகளக் கேட்டுக்கிட்டே லாரிக்கு மஞ்சக் கயிறு கட்டியிருக்கான்! மூத்த சம்சாரம் கோவிச்சுக்கிட்டு நின்னுருச்சு!”

சீட்டிலிருந்து அழகியின் சிரிப்பும் கேட்டது. ரத்தினவேலுக்குக் காது சிவந்தது. ஆனால் மாமா சிரிக்கவில்லை. “கயிறு கெடக்கட்டும். உள்ள ஆயில் ஓடுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டு, யூனிட் இருந்த ஓட்டைக்கு நேராகக் குனிந்தார்.

“எஞ்சினச் சுத்தவிட்டா அந்த ஓட்டை வழியா ஆயில் வரும் மாமா. தள்ளி நில்லுங்க.”

“கண்ணாடி இல்ல. கிட்டப் போனாத்தான் தெரியும்.”

“மாமா, சொன்னாக் கேளுங்க…”

“நீ சுத்தவிடுடா!”

“சரி. அழகி, காலடியில ஸ்டார்ட்டர் குமிழு ஒண்ணு இருக்குல்ல, அத ஒரு மிதி மிதி.”

அழகி மிதித்தாள். எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கும். ஓட்டையிலிருந்து சர்ரென்று கறுப்பு ஆயில் பீறிட்டு மாமாவின் மீசையில் தொடங்கி, சலவை வேட்டியின் கரை வரைக்கும் அபிஷேகம் செய்துவிட்டது.

மாமா கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு விழித்தார்.

“ஆயில் ஓடுதா?” என்று அத்தை பணிவாகக் கேட்டாள்.

“ஓடுது” என்றார் மாமா.

அந்த நேரத்தில்தான் பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, “புதுக்கோட்டை, புதுக்கோட்டை!” என்று கூவினான். ஜன்னலில் அரிமளத்து முகங்கள் இரண்டு மூன்று தெரிந்தன. சோலையப்பன் ஒரே எட்டில் லாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். பஸ் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போன பிறகுதான் வெளியே வந்தார். ரத்தினவேல் கயிற்றைப் பிய்த்துப் பெயிண்டைச் சுரண்டி யூனிட்டை வெறும் மறையில் முடுக்கினான். ஆயில் கொஞ்சம் சொட்டியது. சொட்டட்டும். எஞ்சினைக் கிளப்பியதும் முள் மெதுவாக எழுந்து தன் இடத்தில் நின்றது. “தடை இல்ல மாமா” என்றான். மாமா மறுபேச்சுப் பேசாமல் ஏறிக்கொண்டார்.

விராலிமலையில் ஆட்கள் மூட்டை இறக்கிக்கொண்டிருக்க, ரத்தினவேல் கையைக் கழுவிவிட்டு அவர்களோடு மலை ஏறினான். மாமா குளத்தில் முழுகி, ஆயில் கறை உள்பக்கம் மறையும்படி வேட்டியை மாற்றிக் கட்டியிருந்தார். அழகி முன்னால் போனாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. யோசிக்கிறாளா, யோசித்து முடித்துவிட்டாளா? அவனுக்கு இப்போது சாமியைவிட அவள்மேல்தான் பயமாக இருந்தது. அவள் வேண்டாம் என்றால், சிவப்புப் பூ வந்து என்ன, கூடை கூடையாக வந்து என்ன?

குருக்கள் இரண்டு பொட்டலங்களையும் சந்நிதியில் வைத்துத் தீபம் காட்டினார். வேறு யாரோடோ வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு ஒன்றை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். அவள் விரலைச் சூப்பிக்கொண்டே ஒன்றை எடுத்தாள். மாமா இலையைப் பிரித்தார்.

வெள்ளை நந்தியாவட்டை.

ரத்தினவேல் பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டான். மாமாவுக்கும் சந்தோஷம் இல்லை. பூவைப் பார்த்துக்கொண்டே, “என் கையில என்னப்பா இருக்கு?” என்றார். “சாமியே வேணாம்னு சொல்லிருச்சு.”

“ஏப்பா” என்றாள் அழகி. சந்நிதியில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் உள்ளே கையைக் காட்டினாள். முருகனின் இரு பக்கமும் வள்ளியும் தெய்வானையும் நின்றிருந்தார்கள். “இந்தச் சாமி வள்ளியக் கட்டுனாரே. அன்னைக்கு யாருகிட்டப் பூக் கேட்டாராம்?”

குருக்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தீபத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சோலையப்பன் முருகனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடியும் முருகனைப் பார்த்தார்.

“வள்ளிகிட்டத்தான் கேட்டாரு” என்றாள் அழகி. “எங்கிட்ட மச்சான் இன்னைக்குத்தான் கேட்டாங்க. எனக்குச் சம்மதம்ப்பா. இவங்களத்தான் கட்டிக்குவேன்.”

ரத்தினவேல் தூணை விடவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. அத்தை தன் முந்தானையால் அவன் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, “சீ, அழுகாதடா. சபையில நிக்கிற” என்றாள்.

“இத வீட்டுலயே சொல்லித் தொலைச்சிருக்கக்கூடாதா ஆத்தா?” என்றார் சோலையப்பன், பாவமாக. “இம்புட்டுத் தூரம் வந்து, இந்த மலையேறி, இந்த ஆயில்ல குளிச்சு…”

“வீட்டுல என்னைய யாரும் கேக்கலையேப்பா.”

சோலையப்பன் பிரிக்காத பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்து, சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்து மகள் கையில் கொடுத்தார். “வச்சுக்க” என்றார்.